கரட்டுப்பள்ளிக்குப் பல் முளைத்தது

செம்மாங்கரட்டில் வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் போட்டுக்கொண்டு, ஓடு வேய்ந்த கூரை என்று சொல்ல ஊருக்கே கரட்டுப்பள்ளியின் பழைய கட்டடம் ஒன்றுதான் மிச்சம் என்று ஆகிவிட்ட காலத்தில், பால்பல் விழுந்த பிள்ளைகள் அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதற்குக்கூட அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் எறிந்தால் பல் வெயிலில் காய்ந்து கிடக்கும், புதுப்பல் கோணலாக முளைக்கும் என்று பெண்கள் சொன்னார்கள். அதனால் பிள்ளைகள் கரட்டின் மேலேறி, மதில் சுவருக்கு வெளியே நின்று, கையை ஓங்கி எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தார்கள். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தப் பற்களெல்லாம் ஓட்டின் விளிம்பில் வேர் பிடித்து வரிசையாக நின்றபோதும் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஓட்டின்மேல் சுரைக்கொடி படர்வதில்லையா, சுவரில் அரசஞ்செடி முளைப்பதில்லையா, அந்த மாதிரி இதுவும் என்று விட்டுவிட்டார்கள்.

அதைப் பெரிதாக்கியவன் அரிசி மண்டிக்காரரின் பேரன். கரட்டுப்பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டால் பிள்ளை டாக்டராகித்தான் வெளியே வரும் என்று பேர். அதில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்தப் பையனோ வாய்ப்பாடே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன். தேர்வு எழுத அவன் வந்து ஓட்டின் அடியில் நின்றதும், மேலே வரிசையில் அவன் எறிந்திருந்த பல் மட்டும் எச்சில் பட்டது போல் ஈரமாகி மினுங்கியது. தாளாளர் அண்ணாந்து பார்த்தார், பையனைப் பார்த்தார், “நம்ம கூரையில புடிச்சுருச்சு, இனி தேர்வு எதுக்கு?” என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போனார். அன்று பொழுதோட ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பல் பிடித்தால் சீட்டு நிச்சயம். அதற்குக் கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கூரையில் வேர் விட்ட பல்லுக்குப் பதிலாகப் பிள்ளையின் வாயில் வேறு பல் முளைக்காது, அந்த இடம் ஓட்டையாகவே இருக்கும். அது ஒரு விலையா என்றது ஊர்.

அதற்கப்புறம் எல்லா வாயிலும் ஒரே கேள்விதான். எப்பொழுது ஆரம்பிக்க வேண்டும்? கல்யாணப் பந்தியில் கேட்டார்கள், காதுகுத்தில் கேட்டார்கள், எழவு வீட்டில் ஒப்பாரி கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில் மூக்கைச் சிந்திக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார்கள். முதல் வருசம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பல் விழக் காத்திருந்து எறிந்தவர்கள், விளிம்பில் இடம் நிரம்பிக்கொண்டே வருவதைப் பார்த்துப் பயந்து, அடுத்த வருசம் ஆடாத பல்லை ஆட்டிப் பிடுங்கினார்கள். அதற்கடுத்த வருசம் பாலர் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கடைசியில் தவழ்கிற குழந்தைக்கு அரிசி முனையாக எட்டிப் பார்த்த முதல் பல்லைப் பிடுங்கி, அதன் கையாலேயே எறிய வேண்டும் என்பதற்காகப் பிஞ்சு விரல்களை மடக்கிப் பிடித்து எறிய வைத்தார்கள். முழுகாமல் இருந்த ஒரு பெண் ஸ்கேன் எடுக்கிற இடத்தில், பல் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டாளாம். ஊரில் மாடு இல்லாததால் கரட்டடியில் ஒருவர் எருமை கட்டிச் சாணி உருண்டை விற்றார், நன்றாக ஓடியது.

விழுந்த பல் சுத்தமாக வேர் விட்டது. பிடுங்கிய பல் அப்படி விடவில்லை. அது ரத்தமும் சதையுமாகப் போய் ஒட்டி, ஓட்டின்மேல் ஈறு வளர்த்தது; செக்கச்செவேலென்று வழுவழுவென்று, வெயில் பட்ட இடத்தில் வெளுத்து, மழை பட்ட இடத்தில் ஊதி, அந்த ஈறு கட்டடத்தின் பாதிக் கூரையை மூடிக்கொண்டது. காலையில் மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போகும்போது கூரைக்கு எச்சில் ஊறும். அது கம்பிகம்பியாக வாசற்படியில் வடியும். அதில் நனைந்தால் மூளை வளரும் என்று தாய்மார் பாட்டிலில் பிடித்து வந்து பிள்ளைகளின் உச்சியில் தேய்த்தார்கள். அப்பன்மார் வெள்ளை வேட்டிக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டார்கள். யாரும் பல் தேய்த்து விடாத அத்தனை பல்லிலும் ஊத்தை ஏறி, காற்றடித்தால் பஸ் நிலையம் வரைக்கும் அந்த வாய் நாற்றம் வந்தது. “நல்ல பள்ளிக்கூடம் பக்கத்துல இருந்தா அப்படித்தான்” என்று டீக்கடையில் மூக்கைச் சுளிக்காமல் பஜ்ஜி தின்றார்கள்.

தெய்வானைக்குக் குமட்டியது. கோழிப்பண்ணையில் விரிசல் விட்ட முட்டைகளைப் பொறுக்கி ஒதுக்குகிற வேலை அவளுக்கு. அழுகின முட்டை கையில் உடைந்து வழிந்தால்கூட முந்தானையில் துடைத்துவிட்டுப் போகிறவள், கரட்டுப் பக்கம் பஸ் திரும்பினாலே வாந்தி வருகிறது என்று இரண்டு தெரு சுற்றி நடந்து வேலைக்குப் போனாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திப் பஞ்சு மில்லுக்கு அனுப்பப்பட்டவள் அவள். கோயில் கோயிலாக நடந்து, எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்த ஒரே மகள் மிருதுளா. இரண்டாம் வகுப்பு, வாய் நிறைய அரிசி அடுக்கினது போல் பல். மாங்காயைத் தோலோடு கடிப்பாள், கரும்பை உரிப்பாள், பென்சிலைக்கூட விட்டுவைப்பதில்லை. தெருவில் மற்றப் பிள்ளைகள் ஓட்டை வாயோடு ரசஞ்சோறு உறிஞ்சிக்கொண்டிருக்க, இவள் நறுக் நறுக்கென்று கடலை மிட்டாய் கடிக்கிற சத்தம் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் கேட்டது. ஒருநாள் அது நாத்தனாரின் காதுக்கும் போய்விட்டது.

நாத்தனார் வசந்தாமணி, புருசனுக்கு மூத்தவள். அவள் மகன் தர்சனுக்கு முன்பல் நாலும் கூரையில் இருக்கின்றன. ஒன்றே போதும், பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நாலாக எறிந்திருந்தாள். இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறான். ‘சயின்ஸ்’ என்று சொன்னால் விசில் சத்தந்தான் வரும்.

“ஏந் தெய்வானை, புள்ளைக்கு ஏழு வயசு முடியப் போவுது, இன்னும் வாய் நெறையப் பல்ல வச்சுட்டு உக்காந்திருக்கற. உனக்குப் பயமே இல்லையா?”

“ஆறாவதுக்கு இன்னும் வருசம் கெடக்குதுங்க நங்கை.”

“வருசம் கெடக்குதாம். கூரையில எடம் கெடக்குதா? மேக்கால வெளிம்புல ஒரு சாண்தான் பாக்கி. அதும் அந்த நகைக்கடைக்காரி மருமவளுக்கு இந்த மாசம் பிரசவம்.”

“தானா விழட்டும்னு பாத்தேன்...”

“நீ எட்டாவது. உனக்கு இதெல்லாம் தெரியாது, உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. நாளைக்கு இந்தப் புள்ளையும் முட்டை பொறுக்கப் போகோணுமா, சொல்லு?”

படிப்பென்று யாராவது பேச்செடுத்தாலே தன்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நடுங்குகிறவள் தெய்வானை. மிருதுளாவைக் கிட்டே இழுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுகூட ஆடவில்லை. எல்லாம் கல் மாதிரி நின்றன.

புருசன் சௌந்தர்ராசு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தான். போன் போட்டால் பின்னால் இரைச்சல் காதைப் பிளந்தது.

“எங்கக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நான் இங்க புழுதி தின்னுட்டுக் கெடக்கறது எதுக்கு? புடுங்கீரு.”

“மறுபடியும் மொளைக்காதுங்க. காலத்துக்கும் ஓட்டைங்க.”

“ஒரு பல்லுதான புள்ள. சிரிக்கறப்பக் கையால மூடிக்கிட்டாப் போச்சு. டாக்டராகிட்டா எவன் வாயப் பாக்கறான்?”

அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தெய்வானை போனை வைத்தாள். அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பல வருசமாகக் கடைவாயில் ஒரு சொத்தைப்பல், அதை வேறு அன்றைக்கென்று வலி பிடுங்கியெடுத்தது. கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு, மறுநாள் காலையில் பிள்ளையின் தலையைப் பின்னி, ரிப்பன் கட்டி, நாத்தனாரோடு பல் டாக்டரிடம் போனாள்.

அந்த இடத்தைப் பார்த்தால் கறிக்கடை தேவலாம். தாய்மார் மடியில் பிள்ளைகளைப் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு குழந்தை அலறும், வெளியே இருக்கிற குழந்தைகளெல்லாம் சேர்ந்து அலறும், தாய்மார் போனிலிருந்து முகத்தை எடுக்காமலே தட்டிக் கொடுப்பார்கள். ரத்தப் பஞ்சு வாளியில் நிரம்பி ஈ மொய்த்தது. பிடுங்கின பற்களைப் பேர் எழுதிச் சின்னச்சின்னக் குங்குமச் சிமிழில் போட்டுக் கொடுத்தார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி, “எங்களுதுக்கு இன்னும் மொளைக்கவே இல்ல டாக்டர், ஈறக் கொஞ்சம் கீறிப் பாத்தாத் தெரியுங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்து, “சாயங்காலம் கூட்டிட்டு வாங்க” என்றார். தெய்வானைக்கு வாயில் கிராம்புத் தண்ணீரோடு பித்தம் ஏறியது. இத்தனை பேரும் படித்தவர்கள், கையில் வாட்ச் கட்டினவர்கள், நெற்றியில் திருநீறு பூசினவர்கள். ஒருத்தர் முகத்திலாவது ஒரு சுளிப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. முந்திவிட வேண்டுமே என்கிற பதைப்பு ஒன்றுதான் எல்லா முகத்திலும் அப்பிக்கிடந்தது.

அவர்கள் முறை வந்தபோது வசந்தாமணிக்கு ஏதோ போன் வந்து வாசலுக்குப் போயிருந்தாள். டாக்டர் பல் பிடுங்குகிற குறட்டைக் கழுவாமலே தண்ணீரில் முக்கி எடுத்தார். மிருதுளா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, அழாமல், அம்மாவையே பார்த்தாள். காலை ஆட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பது போல் பார்த்தாள், அவ்வளவுதான்.

“எறங்கு கண்ணு” என்றாள் தெய்வானை. இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். “எனக்குப் புடுங்குங்க. கடைவாய்ல, அந்தக் கறுப்பு.”

டாக்டருக்கு யாருக்குப் பிடுங்கினால் என்ன. அவர் பிடுங்கினார். கட்டைவிரல் பருமனுக்கு, நடுவில் குழி விழுந்து, புகைபிடித்த அடுப்பு மாதிரி கறுத்த பல், குங்குமச் சிமிழில் அடங்காமல் கிடந்தது. தெய்வானை அதைப் பஞ்சில் சுற்றினாள். இன்னொரு பஞ்சை எடுத்து மகளின் வாயில் வைத்து, “இதை மெல்லாத சாமி, வீடு போற வரைக்கும் பேசாத” என்றாள். மிருதுளா தலையாட்டினாள். அவளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

வாசலில் வசந்தாமணி பிள்ளையின் வாயிலிருந்த பஞ்சைப் பார்த்து நெட்டி முறித்தாள். “எங்கண்ணு! அழுகவே இல்லையே! டாக்டரம்மா ஆயிட்டா!” பிறகு தெய்வானையைப் பார்த்தாள். “உனக்கென்ன கன்னம் இப்படி வீங்கிக் கெடக்குது?”

“புள்ளைக்குப் புடுங்கறதப் பாத்து எனக்கு வலிச்சுருச்சுங்க நங்கை.”

“அதுதான் பெத்த மனசு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் வசந்தாமணி.

நேராகக் கரட்டுக்குத்தான் போனார்கள். எருமைக்காரரிடம் உருண்டை வாங்கி, தெய்வானை எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று பல்லைப் பொதிந்து மகளின் கையில் வைத்தாள். மிருதுளா மூக்கைச் சுருக்கிக்கொண்டு எறிந்தாள். உருண்டை போய் மேற்கு விளிம்பில், கடைசியாக இருந்த ஒரு சாண் இடத்தில், பிள்ளைப் பற்களுக்கு நடுவில் சப்பென்று ஒட்டியது. நகைக்கடைக்காரி பின்னால் யாரையோ வைதாள். சில நாளில் வேர் பிடித்தது. தாயும் மகளும் அடியில் போய் நின்றபோது அது ஈரமாகி மினுங்கியது. யாரைக் கண்டு மினுங்கியது என்று தெய்வானைக்கு மட்டும் தெரியும். தாளாளர் அண்ணாந்து பார்த்துச் சந்தோசப்பட்டார்.

“எவ்வளவு கெட்டியான பல்லு! கொஞ்சம் நெறம் கம்மி, பரவால்ல. நாங்க யாரையும் புடுங்கச் சொல்றதில்லீங்கம்மா, அது பெத்தவங்க விருப்பம். பாப்பாவுக்கு ஆறாவதுல எடம் இருக்குதுங்க.”

அவர் பேசும்போது அவருடைய சட்டைத் தோளில் ஒரு கம்பி எச்சில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

சொத்தை ஆடி மாதத்தில் பரவ ஆரம்பித்தது. முதலில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, விளிம்பில் பழுப்புப் புள்ளி விழுந்தது. டாக்டர்கள் பெருகுகிற அடையாளம் என்று ஊர் சொல்லிக்கொண்டது. அப்புறம் குழி விழுந்தது. குழிகளில் குளவி கூடு கட்டியது. ஈறு சீழ் கோத்து, பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் கன்னம் மாதிரி வெளியே புடைத்துக்கொண்டு வந்து, கரும்பலகை உள்ளே பிதுங்கி, வாத்தியார் சாய்ந்து நின்று எழுத வேண்டியதாயிற்று. குளிர்ந்த காற்று பட்டால் கட்டடம் அடித்தொண்டையில் முனகும். பிள்ளைகள் அதற்கு மேல் கத்தி ‘உள்ளேன் ஐயா’ சொல்லப் பழகிக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டம் போட்டுப் பேசி, டின்டின்னாகக் கிராம்புத் தைலம் வாங்கி வந்து ஏணி வைத்து ஊற்றினார்கள். பந்தல்காரரிடம் நீளத் துணி வாங்கி, தாடைக்குக் கட்டுவது போல் கட்டடத்தைச் சுற்றித் தலைமேல் முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். அப்படிக் கட்டின அன்றைக்கும் இரண்டு பேர் சிமிழோடு வந்து எங்கே இடம் இருக்கிறது என்று ஏணிக்காரனைக் கேட்டார்கள்.

வலி முற்றின ஒரு காலையில், இறைவணக்கம் பாடிக்கொண்டிருக்கும்போது, கூரை ஒரு தடவை குலுங்கித் தன் பற்களையெல்லாம் உதிர்த்தது. ஆலங்கட்டி மழை மாதிரி சடசடவென்று முற்றம் முழுக்க விழுந்தன. சேதி கேட்டு ஊரே கரட்டுக்கு ஓடியது. பெற்றவர்கள் எச்சிலிலும் சீழிலும் முட்டி போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தங்கள் பிள்ளையின் பல் எது என்று தேடினார்கள்.

“உடு, அது எங்க ரித்தீசுது!”

“உங்களுது சொத்தை இல்லாததுன்னு எந்தக் கண்ணால பாத்த? இது எம் மவளுது!”

“வக்கீல் வெச்சாவது வாங்கிருவேன் பாத்துக்க!”

நடுமுற்றத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கறுப்புப் பல் கிடந்தது. அதை மட்டும் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. தாளாளர் குடை முனையால் அதைப் புரட்டிப் பார்த்து, “இது எந்தப் புள்ளையோட பல்லுங்க?” என்றார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்றத்துக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், எல்லோரும் அப்போதுதான் முதல்முதலாக மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கூரையின் ஈறு அன்று மாலைக்குள் வாடி, காய்ந்த மாட்டுத்தோல் மாதிரி சுருண்டு கீழே விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு, ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் போடப் போவதாகத் தாளாளர் அறிவித்தார், சீட்டெல்லாம் ரத்து.

ஊருக்கு அது எழவு விழுந்த மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கோ ஈறு நமைத்தது. ஓட்டையெல்லாம் வெள்ளையாக முனை கட்டியது. தர்சன் விரலை வாயில் விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டு, சித்திரையில் செய்த முறுக்கு டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டானாம். மாமன் பெண் வீட்டில் இருக்கும் என்று தெய்வானை வீட்டுக்கே ஓடி வந்து, மிருதுளாவோடு வாசற்படியில் உட்கார்ந்து, புதுப்பல் நோக நோகக் கடித்தான்.

அவன் பின்னாலேயே வசந்தாமணி வந்தாள். முகத்தில் துக்கம் ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“தெய்வானை, சேதி கேட்டயா? ஆத்துக்கு அந்தப்பக்கம் ஒரு பள்ளிக்கூடம், முழுக்க ஓடாம். ஒரு கட்டடம் இல்ல, மூணு கட்டடம்! இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. இந்தத் தடவ நாம முந்திக்கோணும்.”

“ஆறாவதுக்கு இன்னும் வருசம் கெடக்குதுங்க நங்கை.”

“மறுபடியும் அதையே சொல்றயே! அப்ப எப்பத்தான் பாப்ப?”

“பல்லு தானா விழட்டுங்க. விழுந்ததுக்கப்பறம், எந்தப் பள்ளிக்கூடம்னு அவளையே கேட்டுட்டுப் பாக்கறேன்.”

“அவளக் கேக்கறயா? ஏழு வயசுப் புள்ளைய?” வசந்தாமணி தலையில் அடித்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். பிள்ளைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். “உங்கம்மாளுக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. ஏற்கெனவே ஒண்ணு புடுங்கின எடம் எங்க, அத்தை பாக்கறேன். எந்தப் பல்லு ஆடுது, காட்டு சாமி. ஆ...”

மிருதுளா வாயிலிருந்த முறுக்கை மென்று விழுங்கிவிட்டு, வாயை நன்றாக, உள்நாக்குத் தெரியும்படித் திறந்தாள். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாப் பல்லும் இருந்தன. வசந்தாமணி அதைக் கண்டு திகைத்து, இரண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினாள். மிருதுளா அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாயை மூடினாள்.

அந்த அலறல் பஸ் நிலையம் வரைக்கும் கேட்டது. தெய்வானை அவசரப்படவில்லை. முறுக்கு டப்பாவின் மூடியை இறுக்கி மூடி, அலமாரியில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் மெதுவாக எழுந்து வந்தாள்.